கொடிக்கயிற்றில் ஓடிய கார்

சொன்ன சொல்லைத் தட்டாத மனிதர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டால், யோசிக்காமல் தென்குவளை மேளக்காரர்கள் நாலு பேரையும் கைகாட்டுவேன். அவர்களிடம் எதையாவது சொல்வதற்கு முன்னால்தான் நிறைய யோசிக்க வேண்டும்.

செட்டுக்குத் தலைவர் அய்யாக்கண்ணு. நாதஸ்வரம் அவர். ஒரு பழைய வெள்ளைக் கார் வைத்திருந்ததால் டிரைவரும் அவரே. தவில் பக்கிரிசாமி. தாளம் வீராசாமி. நாலாவது ஆள் சோமாஸ்கந்தன், சுருதிப்பெட்டி அவர் பொறுப்பு. அந்தப் பெட்டி பேட்டரியில் தானாகவே பாடும், அதற்கு ஆள் தேவையில்லை. ஆனாலும் "பெட்டியை விட்டு நகராதே" என்று என்றைக்கோ அய்யாக்கண்ணு சொல்லிவிட்டார். பதினேழு வருஷமாக சோமாஸ்கந்தன் நகரவில்லை. பந்தியில் அவர் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து இலையில் பெட்டி உட்கார்ந்திருக்கும். பரிமாறுகிறவர்கள் பழக்கதோஷத்தில் அதற்கும் பாயசம் ஊற்றியிருக்கிறார்கள்.

ஒருமுறை கோயில் திருவிழாவில் தர்மகர்த்தா, "நான் வர்ற வரைக்கும் வாசிச்சுக்கிட்டிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர், வழியில் வயிற்றுவலி வந்து தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். மூன்றாம் நாள் ஊர்க்காரர்கள் வேன் வைத்துக்கொண்டு போய், அவரைத் தூக்கிவந்து கோயில் வாசலில் காட்டிய பிறகுதான் வாசிப்பு நின்றது. அந்தத் தெருவில் இன்றும் சிலருக்கு மோகனம் என்றாலே காது வலிக்கிறது.

ஆனால் வித்தையில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அதிலும் பக்கிரிசாமியின் கெட்டிமேளம் இருக்கிறதே, அது முழங்கும்போது பக்கத்தில் ரயில் போனாலும் தெரியாது. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் ஆலத்தூர் வேதையன் அவர்களைத் தேடிப் போனார்.

வேதையன் ரிட்டையரான பஸ் கண்டக்டர். எனக்குத் தூரத்துச் சொந்தம், கிட்டத்து நண்பர். தங்கமான மனிதர், ஆனால் அவருக்கு ஒரு தும்மல் உண்டு. சாதாரணத் தும்மல் இல்லை. புகையோ தூசியோ மூக்கில் ஏறினால் போதும், பஸ்ஸே நின்றுவிடும். மூத்த மகள் செண்பகவல்லிக்கு இரண்டு தடவை வரன் கூடிவந்தது. இரண்டு தடவையும் தட்டு மாற்றுகிற நேரத்தில் சாம்பிராணிப் புகை ஏறி அவர் தும்மினார். சகுனம் சரியில்லை என்று இரண்டு வீட்டாரும் எழுந்து போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்த மாப்பிள்ளை நல்ல பையன். அவனுக்கு ஒரு அத்தை இருந்தாள், ராஜாம்பாள் என்று பெயர். "தாலி கட்டுற நேரத்துல ஒரு தும்மல் என் காதுல விழுந்துச்சோ, மாப்பிள்ளையைக் கையோட கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று நிச்சயத்தன்றே சொல்லிவிட்டாள்.

"அப்பா, இந்தத் தடவையாவது..." என்று ஆரம்பித்த செண்பகவல்லி அழுதுவிட்டாள். பெற்ற வயிறு மட்டுமா எரியும், அப்பன் வயிறும் எரிந்தது. ஹோமப் புகை என்றால் தும்மல் வந்தே தீரும். அதை அமுக்க ஒரே வழி, எதுவும் காதில் விழாத கெட்டிமேளம்.

வேதையன் பக்கிரிசாமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நான் விரலை ஆட்டுவேன். ஆட்டினா முழங்கணும். நீங்க எங்க இருந்தாலும் சரி, என்ன செஞ்சுக்கிட்டிருந்தாலும் சரி, கையில எது இருந்தாலும் சரி. விரல் ஆடினா முழங்கணும்."

"எது இருந்தாலுமா?" என்று பக்கிரிசாமி கேட்டார்.

"எது இருந்தாலும்."

பக்கிரிசாமி அதை மனதில் எழுதிக்கொண்டார்.

கல்யாணம் ஆவணி மாதம். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். தென்குவளையிலிருந்து ஆலத்தூர் பதினெட்டு கிலோமீட்டர். நாலு பேரும் காலை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். ஏழே காலுக்கு ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் டிக்கென்று ஒரு சத்தம். அய்யாக்கண்ணு ஆக்சிலேட்டரை மிதித்தார். பெடல் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது, திரும்ப எழவில்லை. கார் உருண்டு போய் ஓரமாக நின்றது. எஞ்சின் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?" என்றார் வீராசாமி.

"பெடல் படுத்துருச்சு."

"வழக்கத்தைவிட சீக்கிரம் கிளம்பினோம். அதுக்குத் தூக்கம் பத்தலையோ?"

"எஞ்சின் முழிச்சுக்கிட்டுத்தானே இருக்கு? பெடலுக்கு மட்டும் என்ன தூக்கம்?"

சோமாஸ்கந்தன் மடியில் இருந்த பெட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "எஞ்சின் முன்னாடி உக்காந்து காத்து வாங்கிட்டு வருது. பெடலை நீங்க ஏழு மணியிலேருந்து மிதிச்சுக்கிட்டே வர்றீங்க. கோவம் இருக்காதா?"

இதில் நியாயம் இருப்பதாக எல்லோருக்கும் பட்டது. அய்யாக்கண்ணு குனிந்து பெடலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்போதும் அது எழுந்திருக்கவில்லை.

பிறகுதான் மன்னார்குடி மெக்கானிக் அன்வர்தீனுக்குப் போன் போட்டார்கள். அன்வர்தீன் அந்தக் காரை இருபது வருஷமாகப் பார்க்கிறவர். ஓட்டுகிறவர்களையும் அவருக்குத் தெரியும். ஆனால் அன்றைக்குத் தூக்கக் கலக்கத்தில் இருந்தார், அதனால் சாதாரண மனிதர்களிடம் பேசுவதுபோல் பேசிவிட்டார்.

"ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்துருச்சுண்ணே. பயப்படாதீங்க. பானெட்டைத் திறங்க."

திறந்தார்கள்.

"எஞ்சினை அணைச்சிட்டு ஒரு கால்மணி நேரம் ஆற விடுங்க. சூடா இருக்கும், பக்கத்துலயே போகாதீங்க. நான் அப்புறம் கூப்பிடுறேன்."

எஞ்சினை அணைத்துவிட்டு நாலு பேரும் பக்கத்திலேயே போகாமல் இரண்டு வயல் தள்ளிப் போய் வரப்பில் உட்கார்ந்தார்கள். போனும் கடிகாரமும் காரிலேயே இருந்தன. கால்மணி நேரத்துக்கு ஆதிதாளம் எத்தனை சுற்று வரும் என்று வீராசாமி கணக்குப் போட்டு, தொடையில் தட்டத் தொடங்கினார். காரில் போன் அடித்தது. யாரும் அசையவில்லை. இன்னும் ஒன்பது சுற்று பாக்கி இருந்தது. அன்வர்தீன் ஆறு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஏழாவது தடவைதான் அவர்களைப் பிடித்தார்.

"கார்புரேட்டர் பக்கத்துல சின்னதா ஒரு நெம்புகோல் இருக்கும். அதுல ஒரு துண்டுக் கம்பி தொங்குதா?"

"தொங்குது பாய்."

"அது எந்தப் பக்கமாப் போகுதுன்னு பாத்து அப்படியே போங்க. அறுந்த இன்னொரு முனை கிடைக்கும்."

கம்பித் துண்டு கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தது. சோமாஸ்கந்தன் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிழக்கே நடந்தார். வாய்க்காலைத் தாண்டி, நாற்றங்காலைச் சுற்றி, நேர் கிழக்கில் இருந்த ஒரு வீட்டுக் கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே கமலவல்லி என்கிற அம்மாள் ஆட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எங்க கம்பியோட இன்னொரு முனை இந்தப் பக்கம் வந்துச்சா?"

கமலவல்லிக்குப் புரியவில்லை. கார், கம்பி, கல்யாணம் என்று மூன்று சொல் காதில் விழுந்ததும் பாவமாக இருந்தது.

"கம்பிக்கு நான் எங்க போவேன்? இந்தா, துணி காயப்போடுற நைலான் கயிறு இருக்கு, வேணும்னா அவுத்துட்டுப் போங்க. ஆனா ஒண்ணு. எப்படிக் குடுத்தேனோ அப்படியே திரும்ப வரணும். போன தடவை ஒருத்தரு வாங்கிட்டுப் போயி துண்டு துண்டாக் கொண்டாந்தாரு."

அதற்குள் ஆடு தன்னைக் கட்டியிருந்த கயிற்றை உருவிக்கொண்டு ஓடியது. அவள் ஆட்டின் பின்னால் ஓடினாள்.

நைலான் கயிற்றில் அப்போதுதான் துவைத்துப் போட்ட துணிகள் கிளிப்போடு தொங்கின. ஒரு கட்டம் போட்ட கைலி, இரண்டு பள்ளிக்கூடச் சட்டை, ஒரு பாவாடை, ஒரு பச்சைத் துண்டு, ஒரு தலையணை உறை. சோமாஸ்கந்தன் நின்று யோசித்தார். துணியை எடுத்துவிட்டால் கொடுத்தபடி இருக்காது. ஆகவே இரண்டு முனையையும் அவிழ்த்து, சொட்டச் சொட்ட ஆறு துணியோடும் கயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"துணி எதுக்கு?" என்று அய்யாக்கண்ணு கேட்டார்.

"கயித்தோட சேந்தது. அப்படியே திரும்பக் குடுக்கணும்."

"அப்ப சரி."

அன்வர்தீன் அடுத்த கட்டத்தைச் சொன்னார். கயிற்றின் ஒரு முனையை நெம்புகோலில் கட்ட வேண்டும். மட்கார்டு மேலாக இழுத்து இடது ஜன்னல் வழியே உள்ளே கொண்டுவர வேண்டும். ஒருவர் உட்கார்ந்து இழுத்தால் கார் ஓடும், தளர்த்தினால் நிற்கும். "பெடலுக்குப் பதிலாக் கை, அவ்வளவுதான். ஆனா கயிறு விறைப்பா இருக்கக் கூடாதுண்ணே. விறைச்சா எஞ்சின் சும்மாவே கத்தும். அரை விரல் கனத்துக்குத் தொய்வு விடுங்க."

கையில் பலம் உள்ளவர் என்பதால் கயிறு பக்கிரிசாமிக்கு. மீதிக் கயிறு பின்சீட்டு வழியாகப் போய் வலது ஜன்னலில் வெளியே துணிகளோடு தொங்கியது. அதன் முனை சோமாஸ்கந்தன் கையில். எல்லாம் சரி, அரை விரல்தான் உதைத்தது.

"யார் விரல்ல அரை?" என்றார் வீராசாமி.

"என் விரல் நாயனம் வாசிச்சு மெலிஞ்சது. பக்கிரி விரல் தவில் கொட்டித் தடிச்சது. ரெண்டும் ஒண்ணாகுமா?" என்றார் அய்யாக்கண்ணு.

"பாய் சொன்னது பாய் விரலாத்தான் இருக்கும்."

மறுபடி போன் போட்டார்கள். அன்வர்தீன் புதுக் கேபிளோடு பஸ்ஸில் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

"பாய், உங்க விரல் எவ்வளவு கனம் இருக்கும்?"

பஸ்ஸில் பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். அன்வர்தீன் குரலைத் தாழ்த்தினார். "எந்த விரலா இருந்தா என்னண்ணே? உங்கள்ல யாராவது ஒருத்தர் விரலை வெச்சுப் பாத்துக்குங்க."

வீராசாமி விரல் என்று முடிவாயிற்று. ஆனால் விரலைக் கனத்தில் பாதியாக்குவது எப்படி? நீளத்தில் என்றால் மடக்கலாம். கனத்தில் பாதியாக்கக் கத்திதான் வேண்டும். வீராசாமி தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"முழு விரலையும் கயித்துக்கு அடியில வைப்போம். ஆனா பாதி நேரம்தான் வைப்போம். நாலு அட்சரம் உள்ளே, நாலு அட்சரம் வெளியே. கூட்டிக் கழிச்சா அரை விரல்தானே?"

"உன்னை வெறும் தாளக்காரன்னு நினைச்சேன்டா" என்று அய்யாக்கண்ணு அவர் முதுகில் தட்டினார். வீராசாமி மட்கார்டில் ஏறி, எஞ்சினைப் பார்த்தபடி குந்திக்கொண்டார்.

பானெட் திறந்தே இருந்தது. திறக்கச் சொன்னவர் மூடச் சொல்லவில்லை. முன்னால் எதுவும் தெரியாததால் அய்யாக்கண்ணு தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டினார். அவர் தலைக்குப் பின்னால் கைலியும் பாவாடையும் பறந்து வந்தன. கிளம்பும் முன் அன்வர்தீன் கடைசியாக ஒன்று சொல்லியிருந்தார். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்பதால் அதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

"மண்டபம் போய்ச் சேந்ததும் நியூட்ரல்ல போட்டு பிரேக்ல காலை வைங்க. எஞ்சினை அணைச்சுடாதீங்க, மறுபடி கிளம்பாது. கயித்தை விட்டுடாதீங்க. நான் வந்து கேபிளை மாட்டுற வரைக்கும் எல்லாரும் அப்படி அப்படியே இருங்க. நேரா மண்டபத்துக்கே வந்துடறேன்."

கார் ஓடியது. விரல் உள்ளே போன நாலு அட்சரத்துக்குக் கயிறு விறைத்து எஞ்சின் சீறும், வெளியே வந்த நாலு அட்சரத்துக்குத் தளர்ந்து மூச்சு வாங்கும். ஆதிதாளத்தில் ஒரு கார் பாய்ந்து பதுங்கிப் பாய்ந்து போவதைக் கடைத்தெருவே எழுந்து நின்று பார்த்தது. பின்னால் வந்த டவுன் பஸ் டிரைவர், முந்தவும் முடியாமல் தொடரவும் முடியாமல், கொஞ்ச நேரத்தில் அவரே அறியாமல் ஸ்டியரிங்கில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்.

ஆலத்தூருக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது ரோட்டில் புதிதாகத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரோடு ரோலர் பக்கத்தில் நின்ற மேஸ்திரி, தலை நீட்டிக்கொண்டு வந்த அய்யாக்கண்ணுவைப் பார்த்து, வராதே என்று ஆள்காட்டி விரலை வேகமாக ஆட்டினார்.

பக்கிரிசாமி அந்த விரலைப் பார்த்தார். விரல் ஆடினால் முழங்குவது முப்பது வருஷப் பழக்கம். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்த இழுப்பில் கார் சுடச்சுடத் தாரைக் கடந்து, மேஸ்திரியைக் கடந்து, ஒரு தார்ச்சட்டியைச் சக்கரத்தால் உதைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் விழுந்தது. மேஸ்திரி ஓடிக்கொண்டே இன்னும் விரலை ஆட்டினார். ஆட்ட ஆட்ட கார் வேகம் எடுத்தது.

"அது வேதையன் விரல் இல்லைடா!" என்று அய்யாக்கண்ணு கத்தினார்.

"தெரியும்ணே. மூளைக்குத் தெரியுது, கைக்குத் தெரியலை."

ஒருவழியாகப் பத்து மணிக்கு மண்டப வாசலில் போய் நின்றார்கள். வேதையன் மூக்கில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு வாசலிலேயே தவித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஹோமம் வளர்த்தாகிவிட்டது. புகை கதவு வரைக்கும் வந்துவிட்டது. கண் இரண்டும் சிவந்து, மனிதர் எந்த நிமிஷமும் வெடிக்கிற நிலையில் இருந்தார்.

"வந்துட்டீங்களா! இறங்குங்க, இறங்குங்க! தவிலை எடுங்க!"

யாரும் இறங்கவில்லை.

"பாய் அப்படியே இருக்கச் சொல்லியிருக்காரு" என்றார் அய்யாக்கண்ணு, பிரேக்கில் வைத்த காலை எடுக்காமல்.

"நான் கயித்தை விடக் கூடாது" என்றார் பக்கிரிசாமி.

"நான் விரலை எடுக்கக் கூடாது. நாலு அட்சரத்துக்கு ஒருதரம் எடுக்கலாம்" என்றார் வீராசாமி.

"பாய் எப்ப வருவாரு?" என்று வேதையன் கேட்டார்.

"ரெண்டு பஸ் மாறி வரணும். பதினொண்ணரை ஆகும்."

பத்தரைக்கு முகூர்த்தம் முடிகிறது. கல்யாணத்துக்கு வந்திருந்த நான் உட்பட எல்லோரும் காரைச் சூழ்ந்துகொண்டோம். கெஞ்சினோம், மிரட்டினோம். பெண்ணின் தாய்மாமன் ஒருவர் பக்கிரிசாமியின் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கப் பார்த்தார். தவிலடித்த கை அது, உடும்புப் பிடி. இழுத்ததில் எஞ்சின் ஒரு உறுமு உறுமியது, தாய்மாமன் சமையற்கட்டுப் பக்கம் ஓடிவிட்டார்.

அப்போதுதான் யாரோ சொன்னார்கள், மேளம் உள்ளே வராவிட்டால் காரை உள்ளே கொண்டுபோவோம் என்று. தள்ளிப் பார்த்தோம், அசையவில்லை. பிரேக்கில் கால் இருக்கிறதே! பந்தல்காரர்களின் நாலு மூங்கிலை உருவி, காருக்கு அடியில் குறுக்கே கொடுத்து, இருபத்தெட்டுப் பேர் தோள் கொடுத்தோம். இடது பின் சக்கரத்தருகே இருந்தவன் நான். அந்தத் தார்க்கறை இன்றும் என் பட்டுவேட்டியில் இருக்கிறது.

"நீங்க இறங்கினா பாரமாவது குறையுமே!" என்று ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"இறங்கச் சொல்லலையே" என்றார் அய்யாக்கண்ணு, அனுதாபத்தோடு.

வேதையன் பழைய ஞாபகத்தில் பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு ஊது ஊதினார். "ரைட்! ரைட்! போகலாம்!" தூக்கினோம். தோளில் ஏறிப் புறப்படுகிறது என்றால் அது சுவாமிதானே? அய்யாக்கண்ணு பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலேயே நாயனத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டி மல்லாரி வாசித்தார். உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு நல்ல மல்லாரியை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. வாசலில் நின்ற இரண்டு கிழவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காரைக் கும்பிட்டார்கள்.

மணவறைக்குப் பத்தடி தள்ளிக் காரை இறக்கி வைத்தோம். மணி பத்து இருபத்தைந்து. கைலியும் பாவாடையும் மாவிலைத் தோரணத்துக்குப் பக்கத்தில் ஆடின. ராஜாம்பாள் அத்தை முன்வரிசையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செண்பகவல்லி தலை குனிந்திருந்தாள், ஆனால் ஓரக்கண் முழுவதும் அப்பாவின் மூக்கில்தான்.

ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். ஹோமகுண்டத்தில் நெய் விழுந்தது. புகை பொங்கியது. வேதையனின் மூக்கு விடைத்தது, வாய் திறந்தது, கண் மூடியது. அந்த நிலையிலும் மனிதர் கடமையை மறக்கவில்லை. ஆள்காட்டி விரலை உயர்த்தி ஆட்டினார்.

பக்கிரிசாமி தன் கையைப் பார்த்தார். கையில் கயிறு இருந்தது. கையில் எது இருந்தாலும் சரி என்று வேதையன் சொல்லியிருந்தார்.

இழுத்தார்.

இருபது வருஷத்துக் கார் அன்றைக்குக் கத்திய கத்தலை என்னவென்று சொல்வேன்! ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அட்சதைத் தட்டில் அரிசி தானாகக் குதித்தது. வேதையன் தும்மினார், தும்மியது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கு வரவில்லை. மகளைக் கட்டிக்கொடுக்கிற துக்கத்தில் மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுகிறார் என்று நினைத்து ராஜாம்பாள் அத்தையும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று முடிச்சும் விழுந்தது.

தும்மல் ஒன்றோடு நிற்கவில்லை. ஒவ்வொரு தும்மலுக்கும் வேதையனின் விரல் ஆடியது, விரல் ஆட ஆட பக்கிரிசாமி இழுத்தார். காரின் புகை மண்டபத்தை நிறைத்தது. ஐயர் தும்மினார், மாப்பிள்ளை தும்மினார், நான் தும்மினேன். ராஜாம்பாள் அத்தை மட்டும் பதினோரு தும்மல். அதற்குப் பிறகு அவள் சகுனத்தைப் பற்றிப் பேசவே இல்லை. செண்பகவல்லி தும்மிக்கொண்டே சிரித்தாள். அந்தப் பெண் சிரித்து நான் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பதினொன்றரைக்கு அன்வர்தீன் வந்தார். மணவறைக்குப் பக்கத்தில் காரையும், கார் மேல் குந்தியிருந்த வீராசாமியையும், காய்ந்துபோன பாவாடையையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அனுபவம். கயிற்றை அவிழ்த்தார். புதுக் கேபிளைப் பெடலிலிருந்து உள்ளே விட்டு, நெம்புகோலில் மாட்டி, நட்டைத் திருகித் தொய்வு வைத்து, தன் கையாலேயே பானெட்டை மூடினார்.

"இனிமே பத்து வருஷத்துக்கு இதைத் தொட வேண்டாம்ணே. யானையைக் கட்டி இழுத்தாலும் அறாது."

வேதையன் ஆனந்தத்தில் நாலு பேரையும் கட்டிக்கொண்டார்.

"ஐப்பசி பன்னெண்டாம் தேதி என் சின்ன மக பூங்கொடிக்கு இதே மண்டபத்துல கல்யாணம். நீங்கதான் வரணும். இன்னிக்கு என்னென்ன நடந்துச்சோ, ஒண்ணு குறையாம அப்படியே நடக்கணும்!"

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சொல் வாயைவிட்டுப் போய்விட்டது. நாலு பேரும் ஒரே மாதிரி தலையாட்டினார்கள்.

திரும்பும் வழியில் கமலவல்லிக்குக் கயிற்றைக் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தபோது துணி ஈரமாக இருந்தது, இப்போது காய்ந்துவிட்டது. அப்படியே கொடுத்தால் வாக்குத் தவறிவிடும் என்று ஆற்றில் இறங்கி, ஆறு துணியையும் நன்றாக நனைத்து, சொட்டச் சொட்டக் கொண்டுபோய்ப் பழையபடி கட்டினார்கள். சாயங்காலம் ஆட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பிய கமலவல்லி துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காலையில் போட்ட துணி இன்னும் காயவில்லையே என்று ஆவணி வெயிலைத் திட்டினாள்.

ஐப்பசி பன்னிரண்டாம் தேதி காலை ஏழே காலுக்கு அன்வர்தீன் போன் அடித்தது.

"பாய், நான் அய்யாக்கண்ணு. ஆத்துப் பாலம் தாண்டி நிக்கிறோம்."

"என்னண்ணே, கேபிள் அறுந்துருச்சா?"

"அந்தக் கவலைதான் பாய். நீங்க போட்ட கேபிள் அறவே மாட்டேங்குது. வீராசாமி கல்லால நசுக்கிட்டான், பக்கிரி பல்லால கடிச்சுட்டான். கமலவல்லி அக்கா துணியை நனைச்சு எடுத்துட்டு வந்து நிக்குது. மேஸ்திரியும் தாரைக் காய்ச்சி வெச்சுட்டுக் காத்திருக்காரு. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு பாய். கொஞ்சம் வந்து அறுத்து விட்டுட்டுப் போங்களேன்."